கதவுக்கு இந்தப் பக்கம்

ஒரு மரக்கதவு. நடுவில் கோடரியால் பிளந்த ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒருத்தன் முகத்தை நுழைத்து, பல்லெல்லாம் தெரிய சிரிக்கிறான்.

இந்தக் காட்சியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். படத்தைப் பார்க்காவிட்டாலும் டி.வி.டி. அட்டையில், டீ-ஷர்ட்டில், காபிக் கோப்பையில், இப்போது வாட்ஸ்அப்பில். சிரிப்பவர் ஜாக் நிக்கல்சன். படம் 'தி ஷைனிங்'. டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக். வருஷம் 1980. உலகத்தின் சிறந்த திகில் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் முதல் பத்துக்குள் இதற்கு ஒரு இடம் போட்டுவிடுகிறார்கள். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாத்து வைக்கவேண்டிய தேசியப் படங்களின் வரிசையில் இதைச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் வெளிவந்த புதிதில் இதற்குக் கிடைத்த மரியாதையே வேறு. ஒரு ஆஸ்கர் நாமினேஷன்கூட இல்லை. ஆஸ்கரைக் கேலி செய்வதற்காக 'ராஸி' என்று ஒரு விருது உண்டு. வருஷத்தின் மட்டமான படங்களுக்குக் கொடுப்பது. 1981-ல் நடந்த அதன் முதல் விழாவில் 'மட்டமான டைரக்டர்' பட்டியலில் குப்ரிக்கின் பேர் இருந்தது. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' எடுத்த அதே குப்ரிக்! 'மட்டமான நடிகை' பட்டியலில் அந்தக் கதவுக்கு உள்ளே நின்று அலறிய ஷெல்லி டுவால். இரண்டு பேரும் ஜெயிக்கவில்லை. அந்தப் 'பெருமை'யை வேறு யாரோ தட்டிக்கொண்டு போனார்கள்.

சினிமாக்காரர்களின் பத்திரிகையான 'வெரைட்டி', நாவலில் பயமுறுத்திய அத்தனையையும் குப்ரிக்கும் நிக்கல்சனும் கூட்டு சேர்ந்து நாசம் பண்ணிவிட்டார்கள் என்கிற தொனியில் எழுதியது. அந்த நாட்களில் அமெரிக்க விமரிசகர்கள் நடுங்கின பாலின் கேலுக்குப் படம் பிடிக்கவில்லை. ரோஜர் ஈபர்ட்டும் அப்போது தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. அதே ஈபர்ட் 2006-ல் தன்னுடைய 'மகத்தான படங்கள்' வரிசையில் இதைச் சேர்த்து நீளமாக எழுதினார். ஜனங்கள் என்னவோ படம் பார்த்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 4 கோடி டாலருக்கு மேல் வசூல். 'பேய்ப் படம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள், பேயே சரியாக வரவில்லையே' என்ற முணுமுணுப்பும் கூடவே இருந்தது.

படச்சுருள் அதேதான். ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. (மாறியது. அதை அப்புறம் சொல்கிறேன்.) ஆனாலும் அபிப்பிராயம் தலைகீழாகிவிட்டது. காலம் போனால் எல்லாப் பழைய படத்துக்கும் ஒரு புனிதம் வந்துவிடும் என்று நீங்கள் சொல்லலாம். பாதி உண்மை. 1980-ல் வந்த எத்தனையோ படங்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லையே. இதில் மாறியது படத்தின் மேல் உள்ள மரியாதை மட்டும் இல்லை. படத்துக்குள் நாம் யாரைப் பார்க்கிறோம் என்பதே மாறிவிட்டது. அதுதான் இந்த வாரம் சொல்ல வந்தது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. முடிவையும் சொல்லப்போகிறேன். 45 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் தப்பில்லை.

ஜாக் டாரன்ஸ் பள்ளி ஆசிரியராக இருந்தவன். எழுத்தாளனாக ஆசை. கொலராடோ மலையில் 'ஓவர்லுக்' என்று ஒரு பெரிய ஹோட்டல். குளிர்காலத்தில் பனி பாதையை அடைத்துவிடும் என்பதால் மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் தங்கிக் கவனித்துக்கொள்ள ஒரு ஆள் தேவை. ஜாக் போகிறான். கூட மனைவி வெண்டி, சின்னப் பையன் டேனி. டேனிக்கு நடந்ததும் நடக்கப்போவதும் மனசில் தெரியும் ஒரு சக்தி உண்டு. அதுதான் 'ஷைனிங்'. வேலை கொடுக்கும்போதே மேனேஜர் தயங்கித் தயங்கி ஒன்று சொல்கிறார். இதற்கு முன்னால் இதே வேலைக்கு வந்த ஆள் தனிமையில் மூளை கலங்கி, மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கோடரியால் வெட்டிவிட்டான். 'என்னிடம் அப்படியெல்லாம் நடக்காது' என்கிறான் ஜாக், சிரித்துக்கொண்டே.

நடக்கிறது.

இது ஸ்டீபன் கிங் எழுதி 1977-ல் வந்த நாவல். 1974-ல் அவர் மனைவியோடு கொலராடோவின் எஸ்டஸ் பார்க்கில் ஸ்டான்லி ஹோட்டலுக்குப் போனார். சீசன் முடிந்து மூடப்போகிற சமயம். அநேகமாக ஹோட்டலில் அவர்கள் மட்டும்தான் விருந்தாளிகள். அறை எண் 217. ராத்திரி ஒரு கெட்ட கனவு. ஆளில்லாத நீள வராந்தாவில் தன் சின்னப் பையனை ஒரு தீயணைப்புக் குழாய் துரத்துகிற மாதிரி. வேர்த்து விழித்துக்கொண்டவர், சிகரெட் பற்றவைத்து அது முடிவதற்குள் நாவலின் எலும்புக்கூட்டைக் கட்டிவிட்டாராம். (சினிமாவில் அறை எண் 237 ஆனது வேறு கதை. ஹோட்டலின் வெளிப்புறத்தைப் படம்பிடிக்க அனுமதித்தது ஆரிகன் மாநிலத்தின் டிம்பர்லைன் லாட்ஜ். 217 என்று காட்டினால் அதற்கப்புறம் அந்த அறையில் எவன் தங்குவான் என்று அவர்கள் பயந்தார்கள். அங்கே இல்லாத நம்பராக 237 வைத்தார்கள்.)

கிங்குக்குப் படம் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பது மரியாதையான வார்த்தை. 'பெரிய, அழகான கெடிலாக் கார், உள்ளே எஞ்சின் இல்லை' என்று சொன்னார். வருஷக்கணக்காக வெவ்வேறு பேட்டிகளில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் எழுதிக் கொடுத்த திரைக்கதையை குப்ரிக் தொடவில்லை. டயான் ஜான்சன் என்ற நாவலாசிரியையோடு உட்கார்ந்து வேறு எழுதிக்கொண்டார். நாவலில் தோட்டத்தில் செடிகளை வெட்டிச் செய்த மிருகங்கள் உயிர்பெற்று நகரும். படத்தில் அதற்குப் பதில் செடிச் சுவர்களால் ஆன புதிர்ப்பாதை. நாவலில் உயிர் பிழைக்கும் சமையல்காரர் ஹாலரன் படத்தில் செத்துப்போகிறார். நாவலில் ஹோட்டல் தீப்பிடித்து வெடிக்கிறது. படத்தில் ஜாக் பனியில் உறைந்து செத்துப்போகிறான்.

இதெல்லாம் வழக்கமான புகார்கள். நாவலைப் படித்துவிட்டுத் தியேட்டருக்குப் போனவர்கள் எந்த ஊரிலும், எந்த பாஷையிலும் சொல்வது. 'கதையைக் கெடுத்துட்டான்யா.' கிங்கின் நிஜமான கோபம் இதில் இல்லை. அது ஜாக்கைப் பற்றியது.

நாவலின் ஜாக் நல்லவன். மகன் மேல் உயிரை வைத்திருப்பவன். குடிகாரன். ஒருநாள் போதையில் பையனின் கையை உடைத்துவிட்டு, அதற்கப்புறம் குடியை விட்டவன். அவனுடைய அப்பாவும் குடித்துவிட்டு அடித்தவர்தான். ஹோட்டல் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கடைசியில் மகனைக் கொல்லக் கையை ஓங்கும்போது ஒரே ஒரு கணம் பழைய அப்பா திரும்பி வருகிறார். ஓடிப்போடா என்று பையனைத் தப்பவிடுகிறார். அந்த ஒரு கணத்துக்காகத்தான் கிங் அத்தனை பக்கம் எழுதினார் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் இருக்கிறது. அந்த நாட்களில் கிங்கே பெரிய குடிகாரர். நாவலை எழுதும்போது தன்னைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது தனக்குத் தெரியவில்லை என்று 2000-ல் வந்த சுயசரிதைப் புத்தகத்தில் எழுதினார்.

இப்போது குப்ரிக்கின் ஜாக்கைப் பாருங்கள். ஹோட்டலுக்குப் போகும் வழியில் காரிலேயே அவன் முகத்தில் ஒரு கடுப்பு. பையன் பசிக்கிறது என்றால் எரிச்சல். மனைவி எது கேட்டாலும் பதிலில் ஒரு ஏளனம். பேய் எதுவும் இன்னும் வரவில்லை. ஹோட்டல் கண்ணிலேயே படவில்லை. கிங்கின் குற்றச்சாட்டு இதுதான். இந்த ஆள் முதல் காட்சியிலேயே பாதிப் பைத்தியம். அப்புறம் முழுப் பைத்தியம் ஆவதில் என்ன சோகம், என்ன வீழ்ச்சி? மன்னிப்புக் கணமும் படத்தில் கிடையாது. சாகிற வரைக்கும் கோடரியோடு மகனைத் துரத்திக்கொண்டேதான் போகிறான்.

புகார் நியாயமானதுதான். எழுத்தாளர் தன்னையே பிழிந்து எழுதிய பாத்திரத்தை ஒரு டைரக்டர் எடுத்து, 'இவன் எப்போதுமே இப்படித்தான்' என்று தீர்ப்பு எழுதிவிட்டால் யாருக்குத்தான் வலிக்காது?

கிங் 1997-ல் தானே திரைக்கதை எழுதி, மூன்று பாகமாக ஒரு டெலிவிஷன் தொடர் எடுக்க வைத்தார். அதே ஸ்டான்லி ஹோட்டலில். நாவலுக்கு விசுவாசமான தொடர். அதில் ஜாக் கடைசியில் தன்னைத் தியாகம் செய்கிறான். பல வருஷம் கழித்து மகன் பட்டம் வாங்கும் விழாவில் அப்பாவின் ஆவி வந்து பாசத்தோடு பார்க்கிறது. கண்ணீர். எல்லாம் சரியாக இருந்தது. இன்று அதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? விசுவாசம் நாய்க்கு நல்ல குணம். சினிமாவுக்கு அது மட்டும் போதாது.

அப்படியானால் குப்ரிக் ஜெயித்தார், கிங் தோற்றார் என்று முடித்துவிடலாமா? முடிக்கலாம். ரொம்பப் பேர் அப்படித்தான் முடித்துவிடுகிறார்கள். 'நாவல் சாதாரணம், சினிமா கலை.' எனக்கு இதில் சம்மதம் இல்லை. இரண்டு பேரும் ஒரே கதையைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஒரே கதவின் இரண்டு பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறார்கள். கிங் கோடரி வைத்திருப்பவனின் மனசுக்குள் இருக்கிறார். அங்கேயிருந்து பார்த்தால் போராட்டம் தெரியும், பாசம் தெரியும், குற்ற உணர்ச்சி தெரியும், 'நான் கெட்டவனில்லை' என்கிற கதறல் தெரியும். குப்ரிக் கதவுக்கு இந்தப் பக்கம், பாத்ரூமுக்குள், கையில் ஒரு சமையல் கத்தியோடு நடுங்குகிறவள் பக்கம் காமிராவை வைத்தார். அங்கேயிருந்து பார்த்தால் ஒரு முகமும் பற்களும்தான் தெரியும். உள்ளே அவன் எவ்வளவு நல்லவன் என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லாத தகவல்.

அந்தப் பிரபலமான போஸ்டர் காட்சியை இன்னொரு தரம் நினைத்துப் பாருங்கள். நிக்கல்சனின் முகம் நமக்கு நேராக எட்டிப் பார்க்கிறது. அதாவது நாம் உள்ளே இருக்கிறோம். வெண்டி இருக்கும் இடத்தில். இத்தனை வருஷமாக அவனுடைய சிரிப்பை ரசித்துக்கொண்டிருந்தோமே ஒழிய, எங்கே நின்று பார்க்கிறோம் என்று யோசிக்கவில்லை.

1980-ல் விமரிசகர்களும் யோசிக்கவில்லை. வெண்டியைத்தான் எல்லோரும் திட்டினார்கள். 'எந்நேரமும் மூக்கைச் சிந்திக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, ஒரு அசட்டுப் பெண். எரிச்சல் வருகிறது.' கிங்குக்கும் இதே எரிச்சல். 2013-ல் பி.பி.சி. பேட்டியில், இவ்வளவு பெண்வெறுப்போடு ஒரு பாத்திரத்தைச் சினிமாவில் வைத்ததில்லை, அலறுவதற்கும் அசடாக இருப்பதற்கும்தான் அவள் அங்கே இருக்கிறாள் என்கிற மாதிரி சொன்னார். தன் நாவலின் வெண்டி அப்படி இல்லை என்றார். உண்மை. நாவலின் வெண்டி துணிச்சல்காரி.

ஆனால் படத்தின் வெண்டி என்னதான் செய்கிறாள்? அலறல் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் பட்டியல் போட்டுப் பாருங்கள்.

ஹோட்டலைக் கவனித்துக்கொள்ள சம்பளம் வாங்குவது ஜாக். அவன் சுவரில் டென்னிஸ் பந்தை அடித்துக்கொண்டிருக்கிறான். சமையல் அவள். அவன் எழுந்திருக்க மதியம் ஆகும். தள்ளுவண்டியில் காலை உணவு கொண்டுபோய்க் கொடுப்பது அவள். கீழே பாய்லரைப் பார்ப்பது அவள். டெலிபோன் அறுந்துபோனதும் ரேடியோவில் வனத்துறையைக் கூப்பிட்டுப் பேசுவது அவள். பையனோடு புதிர்ப்பாதையில் விளையாடுவது அவள். பிற்பாடு, கணவன் மாதக்கணக்கில் டைப் அடித்த காகிதக் கட்டில் ஒரே ஒரு வாக்கியம்தான் திரும்பத் திரும்ப இருக்கிறது என்று கண்டுபிடிப்பவள் அவள். மாடிப்படியில் அவன் மிரட்டிக்கொண்டே மேலே மேலே வர, பேஸ்பால் மட்டையால் அவன் மண்டையில் ஒன்று போடுகிறாள். மயங்கினவனைத் தனியாளாகத் தரதரவென்று இழுத்துப்போய் மளிகை அறையில் பூட்டுகிறாள். பாத்ரூம் ஜன்னல் வழியாகப் பையனைப் பனியில் இறக்கிவிடுகிறாள். ஜன்னல் அவளுக்குப் போதவில்லை. கதவைப் பிளந்து தாழ்ப்பாளுக்கு வரும் கையைக் கத்தியால் கிழிக்கிறாள். கடைசியில் பனியில் ஓடும் வண்டியில் மகனை ஏற்றிக்கொண்டு தப்பிக்கிறாள்.

அழுதுகொண்டேதான் செய்தாள். ஆனால் செய்தாள்!

பயப்படாமல் செய்வதுதான் வீரம் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதனால் மூக்கு ஒழுக, கால் பின்ன, மட்டையைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிற ஒரு பெண் நமக்கு வீராங்கனையாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் அடிவாங்கியவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமானால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஷெல்லி டுவாலின் நடிப்பில் மிகை எதுவும் இருப்பதாகச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது, மாறின ஃப்ரேம்களைப் பற்றி. படத்தின் ஆரம்பத்தில் ஒரு காட்சி வரும். பேய் கிடையாது, ரத்தம் கிடையாது. டேனி மயங்கி விழுந்ததால் ஒரு பெண் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார். பையன் படுத்திருக்கிறான். ஹாலில் டாக்டரும் வெண்டியும். வெண்டி சிகரெட் பிடிக்கிறாள். பேச்சுவாக்கில், பையனுக்கு முன்னால் ஒரு தடவை தோள் விலகிவிட்டது என்கிறாள். எப்படி என்று டாக்டர் கேட்கிறார். அது ஒரு விபத்து. கணவர் கொஞ்சம் குடித்திருந்தார். பையன் அவருடைய பேப்பர்களைக் கலைத்துப் போட்டுவிட்டான். கையைப் பிடித்து இழுத்தார், கொஞ்சம் பலமாகிவிட்டது, எல்லா அப்பாக்களும் செய்வதுதானே. ஆனால் பாருங்கள், அதில் ஒரு நல்லது நடந்தது. இனிமேல் தொடமாட்டேன் என்றார், ஐந்து மாதமாகக் குடிக்கவில்லை.

இதை அவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சிகரெட்டில் சாம்பல் நீளமாக வளர்ந்து தட்டப்படாமல் நிற்கிறது. டாக்டர் சிரிக்கவில்லை.

படத்தின் பிற்பகுதியில் ஜாக் காலி பாரில் உட்கார்ந்து, இல்லாத பார்மேனிடம் புலம்புவான். ஐந்து மாதமாக ஒரு சொட்டு இல்லை என்று அவனும் சொல்கிறான். பையன் கையை இழுத்தது மூன்று வருஷத்துக்கு முன்னால் என்றும் சொல்கிறான். கணக்குப் பார்த்தீர்களா? அடித்தது மூன்று வருஷம் முன்னால். குடியை விட்டது ஐந்து மாதம் முன்னால். வெண்டி சொன்ன 'அதற்கப்புறம் தொடவில்லை' என்பதற்கும் இதற்கும் நடுவே இரண்டரை வருஷம் காணாமல் போயிருக்கிறது. அந்த இரண்டரை வருஷம் அந்த வீட்டில் என்ன நடந்தது? படம் சொல்லாது. அந்தச் சாம்பல் சொல்கிறது.

இதைவிட இன்னொன்று. டேனி ஒருநாள் கழுத்தில் காயத்தோடு வந்து நிற்கிறான். பேய் வீட்டில் வேறு யாராவதாக இருந்தால் முதலில் பேயைத்தானே சந்தேகப்பட வேண்டும்? வெண்டி ஒரு கணம்கூட யோசிக்காமல் கணவனைப் பார்த்து 'நீதான்' என்று கத்துகிறாள். அவளுக்கு விஷயம் தெரியும். ரொம்ப நாளாகவே தெரியும்.

அந்த டாக்டர் காட்சிக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1980 மே மாதம் வெளியான படம் 146 நிமிஷம். சில நாளில் கடைசியிலிருந்த ஒரு ஆஸ்பத்திரிக் காட்சியை குப்ரிக் நீக்கினார். 144 ஆயிற்று. ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது மேலும் வெட்டினார். 119 நிமிஷம். அந்த வெட்டில் டாக்டர் காட்சி போய்விட்டது. ஐரோப்பாவில் படம் பார்த்தவர்களுக்கு வெண்டி காரணமில்லாமல் நடுங்குகிற ஒரு பெண். எதற்கு இப்படிப் பதறுகிறாள் என்று அவர்களுக்கு எப்படிப் புரியும்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். டைரக்டரே வெட்டியிருக்கிறார் என்றால் இந்த வியாக்கியானமெல்லாம் அவர் உத்தேசித்ததுதானா? நீங்களாகச் சொல்கிறீர்களா?

எனக்கும் குப்ரிக்கைப் பெண்களின் காவலராக்கும் உத்தேசம் இல்லை. ஷெல்லி டுவாலை ஏன் போட்டீர்கள் என்பதற்கு அவர் சொன்ன காரணமே சரியில்லை. நாவலில் வருகிற மாதிரி தன்னம்பிக்கை உள்ள பெண் இப்படிப்பட்ட ஆளோடு இத்தனை நாள் குடித்தனம் நடத்தியிருக்க மாட்டாள் என்பது அவர் வாதம். தன்னம்பிக்கை உள்ள பெண்கள் எத்தனை பேர் எத்தனை வருஷம் பொறுத்துப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. படப்பிடிப்பு நடந்தபோது அவருடைய மகள் விவியன் எடுத்த ஒரு சின்ன டாக்குமெண்டரி இருக்கிறது. அதில் குப்ரிக் எல்லோர் முன்னாலும் டுவாலிடம் எரிந்து விழுவதைப் பார்க்கலாம். ஒரு ஷாட்டை எண்ணற்ற தடவை திருப்பித் திருப்பி எடுப்பவர் அவர். மாதக்கணக்கில், நாளெல்லாம் அழவேண்டியிருந்தது என்று டுவால் பிற்பாடு சொன்னார். அத்தனை உழைத்தும் விமரிசனங்களில் எல்லாம் டைரக்டரைப் பற்றியே எழுதியிருந்தார்கள் என்ற ஆதங்கமும் அவருக்கு இருந்தது. அந்தப் பயத்தில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம் என்று பிரிக்க முடியவில்லை என்பது இந்தப் படத்தைப் பார்க்கும்போது இன்றும் ஒரு உறுத்தல். இருக்க வேண்டிய உறுத்தல்.

ஆனால் டைரக்டர் என்ன நினைத்தார் என்பதில் படம் முடிந்துபோவதில்லை. ஒரு நடிகை தன் முகத்தில் எழுதி வைத்ததைப் படிக்க ஜனங்களுக்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

நடுவில் வேறு திசைகளிலும் படித்தார்கள். வீடியோ கேசட்டும் டி.வி.டி.யும் வந்தபிறகு, நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் ஒரு கூட்டம் கிளம்பியது. 2012-ல் வந்த 'ரூம் 237' என்ற டாக்குமெண்டரி இவர்களைப் பற்றியதுதான். படம் முழுக்கச் செவ்விந்தியர்களின் படுகொலையைப் பற்றியது என்கிறார் ஒருவர். இல்லை, நாஜிகள் யூதர்களைக் கொன்றது பற்றி என்கிறார் இன்னொருவர். நிலாவில் மனிதன் இறங்கினதை ஸ்டுடியோவில் படம்பிடித்துக் கொடுத்ததே குப்ரிக்தான், அதைத்தான் மறைமுகமாக ஒப்புக்கொள்கிறார், சான்று டேனியின் ஸ்வெட்டரில் அப்போலோ 11 ராக்கெட் என்கிறார் மற்றொருவர். தரைவிரிப்பின் டிசைனை ஆராய்கிறார்கள். அலமாரியில் இருக்கும் பேக்கிங் பவுடர் டப்பாவை ஆராய்கிறார்கள். சுவாரசியமாகத்தான் இருக்கிறது. நடு ஃப்ரேமில் ஒரு பெண் மட்டையோடு நின்று உதவிக்குக் கத்திக்கொண்டிருக்க, கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி முடிகிறது என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

படத்தின் மேல் சொன்ன எல்லாக் குறையும் தப்பு என்று சொல்லவில்லை. ஹாலரனை மயாமியிலிருந்து விமானத்திலும் பனி வண்டியிலும் அவ்வளவு தூரம் வரவழைத்து, உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் ஒரே வெட்டில் கொன்றது இன்றைக்கும் மோசடியாகத்தான் படுகிறது. படத்தில் முக்கியமான ஒரே கறுப்பர் அவர். அவர் கொண்டுவந்த வண்டி மட்டும் கதைக்குத் தேவைப்பட்டிருக்கிறது. நிக்கல்சன் சில இடங்களில் புருவத்தை ஆட்டுவதைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். கிங் சொன்ன எஞ்சின், அதாவது ஒரு அப்பாவின் பாசம், இதில் இல்லைதான். அது வேண்டுமென்றால் நாவலைப் படியுங்கள். நல்ல நாவல். தன்னைத்தானே பார்த்துப் பயந்துபோன ஒரு மனிதன் எழுதினது.

கிங் பிற்பாடு குடியை அடியோடு விட்டார். 2013-ல் 'டாக்டர் ஸ்லீப்' என்று இதன் அடுத்த பாகத்தை எழுதினார். அதில் பெரியவனாகிவிட்ட டேனி, அப்பாவைப் போலவே குடிகாரனாகி, அப்புறம் மீள்கிறான். 2019-ல் மைக் ஃப்ளானகன் அதைப் படமாக்கினார். அதில் டேனி பழைய ஓவர்லுக் ஹோட்டலின் பாரில் உட்கார்ந்திருக்க, அப்பாவின் முகத்தோடு ஒரு பார்மேன் விஸ்கியை நீட்டுகிறான். அவன் தொடவில்லை. அந்தப் படம் கிங்குக்குப் பிடித்திருந்தது. பழைய படத்தின் மேல் இருந்த கசப்பும் கொஞ்சம் குறைந்தது என்றார். அப்பாவை மன்னிப்பது மகனின் உரிமை. அவனால் முடிந்தால் செய்யட்டும். குப்ரிக்கின் படம் மன்னிக்கச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. தப்பித்துப் போ என்று மட்டும் சொல்கிறது. இரண்டும் வேண்டியதுதான். எது முதலில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கதவு உடைந்துகொண்டிருக்கும்போது மன்னிப்பைப் பற்றிப் பேசக்கூடாது.

2022-ல் அந்த ராஸி விருதுக்காரர்கள், ஷெல்லி டுவாலுக்குக் கொடுத்த 'மட்டமான நடிகை' நாமினேஷனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். படப்பிடிப்பில் அவர் நடத்தப்பட்ட விதத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு இந்த முடிவு என்றார்கள். 41 வருஷம் கழித்து. கேலிக்காக ஆரம்பித்த விருது அன்றைக்கு ஒருநாள் சீரியஸாக நடந்துகொண்டது. 2024 ஜூலையில் டுவால் இறந்துபோனார். வயது 75. பத்திரிகைகள் எழுதிய அஞ்சலிகளில் எல்லாம் வெண்டிதான் முன்னால் நின்றாள். அசட்டுப் பெண் என்று இந்தத் தடவை யாரும் எழுதவில்லை.

படத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள். 144 நிமிஷப் பிரதியாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள் இன்னொரு தரம் பாருங்கள். கோடரி விழும் காட்சி வந்தால் வழக்கம்போல அந்தச் சிரிப்பையே பார்க்காதீர்கள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி நிற்கிறாள். அவளைப் பாருங்கள்.